தறவாடு குரூப்பும் ஒரு மாட்டுத் தாடையும்

சனி, மாலை 6.40

தக்கலை அத்தை: பாப்பாக்கு திங்கக்கிழமை ஸ்கூல்ல சயின்ஸ் கண்காட்சி. பழங்கால விலங்குகளுக்க தீனி எப்படி மாறிச்சுன்னு சார்ட்டு. அண்ணன் எழுதித் தாங்கோ. 10 வரி போதும்

மார்த்தாண்டம் மாமா: மச்சான்கிட்ட 10 வரியா 😂

வடசேரி பெரியப்பா: எழுது மக்ளே. குதிரைல தொடங்கு. சுமார் 5.5 கோடி வருஷம் முந்தின குதிரை நாய் அளவுதான். காட்டுல இலையும் பழமும் தின்னுச்சு. பல்லு குட்டை, மேல குமிழ் குமிழா. வட அமெரிக்காவுல காடு குறைஞ்சு வெளி திறந்த பிறகு, சுமார் 1.5 கோடி வருஷம் முந்தி மெரிகிப்பஸ்னு ஒரு குதிரை. அதுக்குப் பல்லு உயரம். புல்லுக்குள்ள சிலிக்கா உண்டு, தரையோட மேஞ்சா மண்ணும் சேரும். ரெண்டும் அரம் போட்ட மாதிரி தேய்க்கும். பல்லு தேஞ்சு தீந்தா பட்டினிதான்.

திங்கள்சந்தை சித்தி: 24ந்தேதி பாலுகாச்சுக்கு வேன் யாரு பேசினா?

பெங்களூர் அக்கா: அப்பா, புல் வந்த உடனே பல்லு வளந்துட்டுன்னு அவ எழுதிரப்போறா. கிழக்கு ஆப்பிரிக்காவுல யானைக் குடும்பம் சுமார் 80 லட்சம் வருஷம் முந்தியே புல்லுக்கு மாறிட்டு. பல்லு நல்லா உயந்தது சுமார் 50 லட்சம் வருஷம் முந்திதான். வாய் முதல்ல மாறும், பல்லு பைய வரும்

பெரியப்பா: அத நான் சொல்லதுக்குள்ள சாடிட்ட

சித்தி: தின்னத யாரு பாத்தா?

அக்கா: பல்லு எனாமல்ல உள்ள கார்பன் சொல்லும் சித்தி. கார்பன் 13, 12 விகிதம், ஒரு பொது அளவுகோலவிட ஆயிரத்துக்கு இத்தன கூட, குறையன்னு கணக்கு. செடி வெயில்ல சாப்பாடு உண்டாக்க முறைல சி3, சி4ன்னு வகை உண்டு. சோளம், கரும்பு, வெயில் நாட்டுப் புல்லு சி4 வகை, சுமார் -13. மரம், செடி, நெல்லு சி3, சுமார் -27. பெரிய விலங்குக்க எனாமல்ல அதோட 14 கூடும். இலை தின்னா -13 பக்கம், சி4 புல் தின்னா +1 பக்கம். 10 மில்லிகிராம் தூள் போதும். மூணாவது கடைவாய்ப் பல்லுல எடுக்கணும், முதல் கடைவாய்ப் பல்லு பால் குடிக்க காலத்துல உருவாகுது, கணக்கு தப்பும். எலும்பும் ஆகாது, மண்ணுல கிடந்து மாறிரும். இமயமலை அடிவாரத்து சிவாலிக்ல சி4 புல்லு பரவினது 80-60 லட்சம் வருஷம் முந்தின்னு இப்படித்தான் தெரிஞ்சுது

மாமா: நம்ம மாடு வைக்கோல்லா தின்னுது?

அக்கா: அங்கதான் மாமா சறுக்கும். வைக்கோல் புல்லுதான், ஆனா சி3. கார்பன மட்டும் பாத்தா நாஞ்சில் நாட்டு மாடும் பிலா இலை தின்ன ஆடும் ஒண்ணுபோல இருக்கும். அதனால பல்ல மைக்ரோஸ்கோப்புலயும் பாக்கணும். கீறல் கூடினா புல்லு, குழி கூடினா விதை, கட்டியான பழம். ஆனா அது கடைசி சில நாள் தீனிதான்

சித்தி: பிலான்ன உடனே கேக்கேன். வடக்குப் பக்கத்து மரத்த யாரு சொல்லி வெட்டினது?

பெரியப்பா: அது 2009ல பேசி முடிச்ச காரியம்

சித்தி: நீங்க முடிச்சியோ

அத்தை: 🙏 சார்ட்டு

மாமா: சார்ட்டு கிடக்கட்டும். ஒரு மாட்டுத் தாடை, ஒரு பன்னித் தாடை வாங்குங்கோ. பன்னி எதையும் தின்னும், ஆனா பல்லு அந்தப் பழைய குதிரைக்குள்ள மாதிரி குட்டை. மாட்டுப் பல்லு முக்காவாசியும் தாடைக்குள்ளதான் இருக்கும், வெளிய பாத்தா உயரம் தெரியாது. இளம் மாட்டுத் தாடைல ஒரு பல்ல உருவி பக்கத்துல வைக்கணும். கொதிக்க விடாதீங்கோ, பல்லு வெடிக்கும். சதைய சுரண்டிட்டு, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு, கொதி வராத சூட்டுல நாலஞ்சு மணிக்கூறு. பின்ன 3% ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு ராத்திரி. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், எலும்பு பொடிஞ்சிரும். காய வைக்கது நிழல்ல. முன்பல்லு உதுந்தா பெவிகால். மேல்தாடைல முன்பல்லு தேடாண்டாம், மாட்டுக்குக் கிடையாது

அத்தை: பன்னித் தாடையா?? எனக்க அடுப்புலயா??

சித்தி: மைனி, பாலுகாச்சு வீட்டு அடுப்பு புதுசு. அங்க கொண்டு வந்திராதீங்கோ

பாப்பா: பெரிய மாமா, பழைய குதிரைக்கு விரல் எத்தன?

பெரியப்பா: முன்கால்ல 4, பின்கால்ல 3. ஏன்னா

பெரியப்பா: 🎤 7:42

மாமா: மாட்டுத் தாடை நான் கொண்டு வாறேன். பன்னிக்கு நாளைக்குப் பாப்போம்

சித்தி: வேன்?