டிஸ்க் டைம்அவுட்: 30 நொடியா, 180 நொடியா?

மார்த்தாண்டம் மவுஸ்:
தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் இரண்டு, மென்பொருள் ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா). அடிக்கடி ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுவிடுகிறது. வெளியே எடுத்துச் சோதித்தால் ஓடுகிறது. டைம்அவுட் (டிஸ்கின் பதிலுக்கு லினக்ஸ் காத்திருக்கும் நேரம்) 30 நொடி இருக்கிறது, 180 ஆக்கிவிடலாமா?

வடசேரி அண்ணாச்சி:
அவசரப்படாதே மக்களே. லினக்ஸின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்று வரி வந்திருக்குமே, பார். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரை, அதாவது படிக்க முடியாத சிறு பகுதியை, கண்டால் விடாது. ஒரு நிமிஷத்துக்கு மேலும் அதையே படித்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். அப்புறம் இணைப்பையே ரீசெட் செய்யும். அதற்கும் பதில் வராவிட்டால் ரெய்டு அந்த டிஸ்கைத் தள்ளிவிடும். டிஸ்கின் பொறுமை சர்வரின் பொறுமையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதனால் முதலில் டிஸ்கின் பக்கம் குறை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடி இஆர்சி (டிஸ்க் பிழையோடு மல்லுக்கட்டும் நேர வரம்பு) மதிப்பை 70 என்று கொடு. அது பத்தில் ஒரு நொடிக் கணக்கு, அதாவது 7 நொடி. டிஸ்க் சீக்கிரம் கைவிரித்தால், ரெய்டு மற்ற டிஸ்கிலிருந்து படித்து அந்த செக்டரைத் திருப்பி எழுதிவிடும்.

குளச்சல் கர்னல்:
அண்ணாச்சி சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பல டெஸ்க்டாப் டிஸ்கில் அந்த வசதியே கிடையாதே! அங்கே 180தான் வழி. விஎம்வேர் டூல்ஸ்கூட மெய்நிகர் கணினியில் (விஎம்) ஓடும் லினக்ஸில் 180தானே வைக்கிறது?

வடசேரி அண்ணாச்சி:
விஎம் கதை வேறு ஓய். சேமிப்புப் பெட்டியின் கன்ட்ரோலர் மாறும் நேரத்தில் எழுதுவது தோற்றால் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு படிக்க மட்டும் என்று மாறிவிடும். அதற்காகத்தான் அங்கே 180. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மூன்று நிமிஷம் பில் உறைந்து நின்றால் கல்லாவில் இருப்பவர் யாரைக் கூப்பிடுவார், உன்னையா?

குளச்சல் கர்னல்:
மூன்று நிமிஷம் நின்றால் திட்டு வாங்கலாம். ஒரு டிஸ்க் கழன்ற நிலையில் மற்றதிலும் கெட்ட செக்டர் வந்தால் டேட்டாவே போச்சு. நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பழைய யுனிக்ஸ்காரன்:
இருவருக்கும் நடுவில் ஒன்று. ஐபிஎம்மின் யுனிக்ஸான ஏஐஎக்ஸில் இதே அமைப்பின் பெயர் ஆர்டபிள்யூ டைம்அவுட். எல்எஸ்ஆட்டர் கட்டளையில் பார்த்து, சிஎச்டெவ் கட்டளையில் மாற்றுவோம். சோலாரிஸ் என்ற யுனிக்ஸில் எஸ்டி ஐஓ டைம், இயல்பாக 60 நொடி. சேமிப்புக்குப் பல பாதைகள் உள்ள இடத்தில் இதைக் கண்டபடி கூட்டினால், செத்த பாதையைவிட்டு அடுத்த பாதைக்குப் போவதும் தாமதமாகும். கூட்டுவது எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் தம்பி, டிஸ்க் ஓடுகிறது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை) எத்தனை?

மார்த்தாண்டம் மவுஸ்:
பார்த்தேன். ஒன்றில் பூஜ்யம். கழலும் டிஸ்கில் 16. எஸ்சிடி இஆர்சி முதல் டிஸ்கில் இருக்கிறது, கழலுகிறதில் இல்லை.

குளச்சல் கர்னல்:
பார்த்தீரா அண்ணாச்சி? இல்லை!

வடசேரி அண்ணாச்சி:
சரி, இருப்பதற்கு 7 நொடி, இல்லாததற்கு மட்டும் 180. புது டிஸ்க் வரும்வரைக்கும்தான். நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, கரண்ட் போகும். மின்சாரம் அணைந்தால் இஆர்சி மதிப்பு பறந்துவிடும்; டைம்அவுட்டும் ரீபூட்டில் பழைய 30க்கே வரும். இரண்டையும் யூடெவ் விதியில் (டிஸ்கைக் கண்டதும் லினக்ஸ் தானாகச் செய்வது) எழுதிப் போடு.

குளச்சல் கர்னல்:
புது டிஸ்குக்குக் கடைக்காரர் காசு தருவாரா என்று முதலில் கேள்.