சென்டினல்-1ல மண் ஈரம் ரம்பப் பல் மாதிரி வருது, அவசரம்

முகில்_பயிர்: வணக்கம். மண் ஈரத்துக்கு சென்டினல்-1, ஆலோஸ்-2ன்னு ரெண்டு ரேடார் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிடுறேன். ஆலோஸ் சமர்த்தா இருக்கு. சென்டினல் மட்டும் ஒரு தேதி ஈரம், அடுத்த தேதி காய்ச்சல், மறுபடி ஈரம்னு ஆடுது. இத்தனைக்கும் மழை ஒரு சொட்டு இல்லை. சென்சாரே கோளாறா? வெள்ளிக்கிழமை வழிகாட்டிகிட்ட காட்டணும்.

வரப்பு: என்ன மண்ணு, என்ன பயிர், எந்த மாசம், ரேடார் அலை விவி-யா (செங்குத்தா அனுப்பி செங்குத்தா வாங்குறது) விஎச்-ஆ (செங்குத்தா அனுப்பி கிடையா வாங்குறது)? எதையும் சொல்லாம எப்படிங்க?

விடியல்77: இது பனிதான். இறங்குபாதையில (வடக்கிருந்து தெற்கே போறப்ப) சென்டினல் காலையில 6 மணிவாக்குல வரும். இலையில பனி நின்னா ரேடாருக்குத் திரும்பற எதிரொளி கூடத்தான் செய்யும். கண்ணை மூடிட்டு சொல்றேன், பனி.

முகில்_பயிர்: ஸாரி. கரிசல், மானாவாரிப் பருத்தி, ஒரு ஏக்கர், ஜனவரி-பிப்ரவரி, விவி. ஊர் பேரு வெளியே சொல்லக் கூடாதாம்.

கட்டம்கட்டி: ஒரு ஏக்கர்னா 10 மீட்டர் கட்டத்துல 40தான் வரும். நிஜப் பிரிதிறன் 20 மீட்டர் சுமார், அப்ப அந்த நாப்பதும் தனித்தனித் தகவல் இல்லை. ஸ்பெக்கிள் (ரேடார் படத்துல வர்ற புள்ளிப் புள்ளி இரைச்சல்) ஆட்டமா இருக்கலாம். சராசரியை டெசிபெல்லிலேயே (எதிரொளி வலுவோட மடக்கை அளவு) போட்டீங்களா? அதை நேர் அளவுக்கு மாத்திட்டுப் போடணும்.

பழைய_ஆண்டெனா: ஸ்பெக்கிள் இப்படி முறை வச்சு ஏறி இறங்காது. வருஷத்துக்கு நாலு பேராவது இதையே கேட்டு வர்றாங்க. சென்சாரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி தேதியை எழுதிப் பழகு தம்பி.

முகில்_பயிர்: ஜனவரி 4, 9, 16, 21, 28, பிப்ரவரி 2. வித்தியாசம் 2 டெசிபெல் வரைக்கும் வருது.

பழைய_ஆண்டெனா: 5 நாள், 7 நாள், 5, 7. கூட்டினா 12. சென்டினல் அதே தடத்துக்குத் திரும்பி வர 12 நாள். உன் காடு பக்கத்துப் பக்கத்து ரெண்டு தடமும் ஒண்ணுமேல ஒண்ணு விழற ஓரத்துல கிடக்கு. ஒரு தடத்துக்கு அது கிட்ட ஓரம், அலை தரையில விழற கோணம் 31 டிகிரிவாக்குல. இன்னொண்ணுக்கு எட்ட ஓரம், 45 சுமார். கோணம் சாய சாய மண்ணிலிருந்து திரும்பி வர்ற எதிரொளி குறையும். உன் 2 டெசிபெல்லில் பெரும்பங்கு அதுதான், ஈரம் இல்லை. ஆர்பிட் (தட) எண்ணை வச்சு ரெண்டாப் பிரி. அப்புறம், ஆலோஸ்ல எச்எச் (அனுப்புறது, வாங்குறது ரெண்டும் கிடை) எடுத்திருப்பே, இங்கே விவி. அதையும் ஒரே படத்துல போட்டுத்தானே ஒப்பிடுறே?

நிலா_நீளஅலை: எதுக்கு சென்டினலோட இந்த 5.6 செ.மீ. (சி-பேண்ட்) அலையோட மல்லுக்கட்டு? 2025 ஜூலை 30 நைசார் (நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள்) ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயாச்சு. 24 செ.மீ. எல்-பேண்ட். இலையெல்லாம் தாண்டி மண்ணுக்குள்ள ஒரு மீட்டர் பார்க்கும்.

பழைய_ஆண்டெனா: ஒரு மீட்டரா! 1981ல விண்கலத்துல போன ரேடார் சகாரா மணலுக்கு அடியில பழைய ஆத்துத் தடத்தைக் காட்டுச்சே, அந்தக் கதையைக் கேட்டுட்டு வந்திருக்கீங்க. அது எலும்பாக் காய்ஞ்ச மணல். ஈரக் கரிசல்ல எல்-பேண்டா இருந்தாலும் சில செ.மீ.தான்.

நிலா_நீளஅலை: சரி, சில செ.மீ.யே இருக்கட்டும். செடி அடர்ந்துட்டா சி-பேண்ட் இலையோட நின்னுடும், மண்ணைப் பார்க்காதே. அதுக்கு என்ன சொல்றீங்க?

பழைய_ஆண்டெனா: அதை நான் மறுக்கலையே. ஒரு மீட்டரைத்தான் மறுத்தேன்.

விடியல்77: பனியை யாருமே கண்டுக்கலை.

வரப்பு: பனி விழுந்தா ரெண்டு தடத்துக்கும் சேர்த்துத்தான் விழும் விடியல், ரெண்டும் காலை நேரம்தானே?

கரிசல்_மாரி: எங்க காடு இதே கரிசல்தான். பிப்ரவரியில வெடிப்புக்குள்ள கை முழுசா இறங்கும். மேலே ஓடு மாதிரி காஞ்சிருக்கும், ஒரு சாண் தோண்டினா கையில பிடிக்க உருண்டை நிக்கும். ரேடாருக்கு அந்த மேல் ஓடும் வெடிப்புச் சொரசொரப்பும்தானே தெரியும்? தம்பி தரையில போய் மண்ணு எடுத்தாரா?

கட்டம்கட்டி: இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்து, எடை போட்டு, 105 டிகிரியில 24 மணி நேரம் காய வச்சு, திரும்ப எடை போட்டீங்களா? அது இல்லாம ஆலோஸ் "சமர்த்து"ன்னு எதை வச்சு சொல்றீங்க?

வரப்பு: ஆலோஸ் படம் எத்தனை தேதி இருக்கு?

முகில்_பயிர்: பிரிச்சுட்டேன். ரெண்டு கோடா வந்துடுச்சு, ரெண்டும் மெதுவா இறங்குது, ரம்பம் இல்லை. ரொம்ப நன்றிண்ணா. ஆலோஸ் மூணே தேதிதான். மண்ணு எடுக்கலை.

கட்டம்கட்டி: மூணு புள்ளியில ரம்பம் எங்கேருந்து தெரியும்?

வரப்பு: முகில், அந்த மூணுக்கும் கோணம் என்ன?

விடியல்77: ஆளு போயிட்டாரு போல.