வரப்பில் வாத்துக் கூடு, அறுப்பு நெருங்குது: வழி சொல்லுங்க

வடுவூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் சம்பா வயல். வரப்புப் புல்லுக்குள் புள்ளி மூக்கு வாத்து ஒன்று மார்கழி முதல் வாரத்திலிருந்து அடைகாக்கிறது. கறுப்பு அலகு, நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு சிவப்புப் பொட்டு, சந்தேகமே இல்லை. இரைக்குப் போகும்போது தன் தூவியாலேயே முட்டைகளை மூடிவிட்டுப் போகிறது, அத்தனை அக்கறை. ஒன்பது முட்டை. பொரிய ஏறக்குறைய 24 நாள் ஆகும். அறுவடை மிஷினோ பொங்கலுக்கு முன்பே வந்துவிடும்.

நாயைக் கட்டிப்போட்டோம். சுற்றிலும் குச்சி நட்டுத் துணி கட்டினோம், அந்தப் பக்கம் மருந்தும் அடிக்கவில்லை. மிஷினைத் தள்ளிப்போடக் கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். முட்டையை எடுத்துக் கோழிக்கு வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை.

கூட்டைச் சுற்றி எத்தனை அடிக்குக் கதிரை அறுக்காமல் விட்டால் தாய் வாத்து மிரண்டு கூட்டைக் கைவிடாமல் இருக்கும்?