பந்தயக் காரின் பின் அச்சு: கிரவுன் வீலும் பினியனும் தந்த அனுபவங்கள்

வட கரோலினாவிலிருந்து:

வட்டப் பாதைப் பந்தயக் கார்களைத் தயார் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அதன் சக்தி சக்கரத்தை எட்டுவதற்கு முன் கடக்கும் பின் அச்சைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

இங்கே அதிகம் புழங்குவது 1957 மாடல் கார்களில் அறிமுகமான ஃபோர்டு ஒன்பது அங்குல அச்சு; அதிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்தான் அந்த ஒன்பது அங்குலம். அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைக் கார் பந்தயத்திலும் 2022-இல் புதிய கார் வரும்வரை இந்த அமைப்புதான் கோலோச்சியது. பல்சக்கரங்களைத் தாங்கும் கேரியரை முன்பக்கமாக அப்படியே கழற்றி வேறு பல் விகிதம் உள்ளதை மாட்டிவிடலாம். கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன், அந்த வீலின் மையத்துக்குச் சுமார் இரண்டேகால் அங்குலம் கீழே அமர்ந்திருக்கும். அதனால் பினியனைப் பெரிதாகச் செய்ய முடிகிறது. பல்லுக்கு வலு கூடுகிறது. ஆனால் இந்தத் தாழ்வுக்கு ஒரு விலை உண்டு. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்குகின்றன. வழுக்கினால் சூடு, அந்தச் சூடு முழுவதும் சக்கரத்துக்குப் போகாமல் வீணான குதிரைத்திறன். எண்ணெயின் படலத்தைக் கிழித்துப் பல்லை அரிப்பதும் அதே சூடுதான். ஆகவே உராய்வைக் குறைத்தால் வேகமும் ஆயுளும் சேர்ந்தே கிடைக்கின்றன.

மெருகேற்றிய கிரவுன் வீலை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அசந்துபோனேன். அதிரும் தொட்டியில் பீங்கான் கற்களோடும் மென்மையான அமிலக் கரைசலோடும் பல்லைச் சுழல விடுகிறார்கள். கரைசல் மேற்பரப்பின் மேடுகளை மிருதுவான படலமாக்க, கற்கள் அதைத் தேய்த்தெடுக்கின்றன. அரைத்த கோடுகள் மறைந்து, பல்லில் விளக்கின் வெளிச்சம் துல்லியமாகத் தெரிந்தது. இதற்கு முன் சிறு எஃகுக் குண்டுகளை வீசியடித்துப் பல்லின் அடியில் அமுக்க இறுக்கம் ஏற்றிவிட்டால், விரிசல் விடுவதும் தள்ளிப்போகும்.

இவ்வளவு செலவழித்தும் பொருத்துவதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். பல்லில் மஞ்சள் பசை தடவி, சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவே படியும்வரை ஷிம் எனும் மெல்லிய தகடுகளை மாற்றுவோம். பற்களுக்கிடையே விடும் சிறு இடைவெளியான பேக்லாஷ் 0.008 முதல் 0.012 அங்குலத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். பிறகு குறைந்த சுமையில் சிறிது ஓட்டி, அச்சின் கூடான ஹவுசிங் நன்றாக ஆறிய பின் மீண்டும் ஓட்டுவோம். புதிய பல் முதல் ஓட்டத்திலேயே கட்டுக்கடங்காமல் சூடேறினால், மேற்பரப்பின் கடினம் இளகிவிடும். நீலம் பாய்ந்த பல்லை அதன்பின் நம்பவே கூடாது.

தகுதிச் சுற்றுக்கு மெல்லிய எண்ணெய் ஊற்றுவது பழைய பழக்கம். பல் எண்ணெயைக் கலக்குவதில் போகும் சக்தி மிச்சமாகும். சில சுற்றுகளுக்கு அது சரி. நீண்ட பந்தயத்தில் கனமான எண்ணெயும் தனி பம்பு வைத்த குளிர்விப்பானும் இல்லாமல் இறங்குவது வீண் வம்பு.

கோவையிலிருந்து:

நான் கரடுமுரடான பாதைகளில் நடக்கும் ராலி பந்தயங்களுக்கான மாருதி ஜிப்ஸி வண்டிகளில் வேலை செய்தவன். அங்கே பல்லைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். சூடான அச்சு ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் நிறத்தில் வடிந்தால் அடுத்த கட்டத்துக்கு வண்டியை அனுப்ப மாட்டோம். அச்சுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரமாகக் கட்டிவிடுவதுதான் இதற்கு மருந்து. செலவு மிகச் சொற்பம்.

வடிகால் திருகின் காந்தத்தையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு இருந்தால், எவ்வளவு நேரமானாலும் சரி, அச்சைத் திறந்தே ஆக வேண்டும்.