பிள்ளை தூங்குகிறான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

குடியாத்தத்துப் பொண்ணு:
முதல் பிரசவம், சிசேரியன். ஒரு மாதம் தாண்டிவிட்டது, அம்மா வீட்டில் இருக்கிறேன். பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றதும் அழுகை வந்துவிடும், எதற்கென்று தெரியாது. பால் குடிக்கும்போது என் தாலிச் சரட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை, யார் வீட்டுப் பிள்ளையையோ வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. பூண்டுக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. "ஆம்பளப் புள்ள பெத்துட்டு என்னடி குறை" என்கிறாள் ஆயா. தாயத்தும் கட்டியாகிவிட்டது (கோபமில்லை, அம்மாவுக்கும் பயம்தானே). டாக்டரிடம் போனால் பாலை நிறுத்தச் சொல்வார்களா?

ஆற்காடு பெரியம்மா:
எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? சாம்பிராணி போடு, நாலு பேரோடு பேசு, சரியாகிவிடும்.

காட்பாடி அக்கா:
பெரியம்மா, உங்கள் காலத்திலும் இருந்தது, "பேய் பிடிச்சிருக்கு" என்று குறி கேட்கக் கூட்டிப்போனார்கள். தங்கச்சி, எனக்கும் இப்படித்தான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டேன், பாலும் கொடுத்தேன். பாசம் ஒரே நாளில் வரவில்லை, மெல்ல மெல்லத்தான் வந்தது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
பிரசவமான முதல் வாரத்து அழுகை பாதிக்கு மேல் பெண்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு அதைத் தாண்டிவிட்டதால் இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இப்படி ஆளைச் சோர்த்துப் போடும். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் சேரும். பெரும்பாலும் பாலை நிறுத்த வேண்டியிருக்காது. வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையமும் இருக்கிறது. போக முடியாத ராத்திரியில் 14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், காசில்லை, தமிழில் பேசுவார்கள்.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் பத்துக் கேள்வி உண்டு. கடைசிக் கேள்வியை இங்கேயே கேட்கிறேன்: உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா? இல்லாத குரல் கேட்டாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடத் தோன்றினாலோ தனியாக இருக்காதீர்கள். அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

குடியாத்தத்துப் பொண்ணு:
குரல் எதுவும் கேட்கவில்லை, குழந்தையை ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. இருக்கவே வேண்டாம் என்று மட்டும் சில ராத்திரி தோன்றியது. இதைப் படித்துவிட்டு நைனாவை எழுப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை, "காலையில பஸ்ஸுக்குப் போலாம்மா" என்றார். அம்மா கூடவே படுத்திருக்கிறாள். ஆயா மட்டும் மாத்திரை பால்மருந்துக்கு (பால் சுரக்கக் கொடுக்கிற நாட்டு மருந்து) ஆகாது என்கிறாள். இரண்டும் சேருமா அக்கா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நைனாவை எழுப்பியது நல்ல காரியம். அந்த நினைப்பு வந்ததையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை வீட்டு மாத்திரைகளை அம்மா எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கே மறுபடி தோன்றினால் காலை வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நாட்டு மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்களே சொல்லட்டும்.