கம்பி வேலியில் குறுக்கும் நெடுக்கும் சேரும் இடம் நழுவிக்கொண்டே இருக்கிறது, எப்படிக் கட்டினால் நிற்கும்?

மணலி புதுநகர் கீரைத்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். மணலி புதுநகரில் அப்பா வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. வீடு கட்டும் வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று கீரை, வெண்டை, கத்தரி போட்டிருக்கிறேன். மூன்று பக்கமும் அடுத்த மனைக்காரர்களின் காம்பவுண்டு சுவர், நாலாவது பக்கம் 60 அடி நீளத்துக்குத் திறந்த வெளி, ஆடு மாடு எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. போன வருடம் நானே அங்கே வேலி போட்டேன். 10 அடிக்கு ஒன்றாக ஏழு சிமெண்ட் தூண், 10 கேஜ் ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) படுக்கையாக ஆறு வரிசை, எட்டு அங்குல இடைவெளி, அதன்மேல் அடிக்கு ஒன்றாக 12 கேஜ் கம்பி மேலிருந்து கீழாக.

பிரச்சினை இரண்டு கம்பியும் சந்திக்கும் இடத்தில்தான். மாமா வீடு கட்டியபோது மீந்த பைண்டிங் ஒயர் ஒரு சுருள் கிடந்தது, அதை ஒரு சுற்று போட்டுக் கொக்கியால் முறுக்கி விட்டேன். முதல் மாதமே ஆடு தலையை நுழைத்து அழுத்தினால் நெட்டுக் கம்பி இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி வழி விட ஆரம்பித்தது. மறுபடி நகர்த்தி முறுக்கினேன், அதிகமாக முறுக்கியதில் பாதி அறுந்தது. ஐப்பசி மழைக்கு அப்புறம் பார்த்தால் மிச்சமிருந்த முறுக்கு எல்லாம் துருவேறி, விரலால் தட்டினாலே உதிர்கிறது. பெரிய கம்பிகள் இன்னும் பளபளவென்றுதான் இருக்கின்றன, கட்டு மட்டும்தான் போயிற்று. ஒரு பாத்தி சிறுகீரை முழுக்க ஆட்டுக்குப் போய்விட்டது, மனசு கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து கட்டத் தயாராக இருக்கிறேன். நழுவாமல், துருவேறாமல் கட்ட என்ன வழி?

மாதவரம் ஃபேப்ரிகேஷன்:

சார், சந்திக்கிற இடத்தில் எல்லாம் ஒரு டேக் வெல்டு, அதாவது பொட்டு மாதிரி சின்ன வெல்டு, வைத்துவிடுங்கள். கேட், கிரில் எல்லாம் அப்படித்தானே நிற்கிறது. மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஒரே நாளில் முடிந்துவிடும், ஆயுசுக்கும் நகராது.

கத்திவாக்கம் வேலிவேலை:

தம்பி, வெல்டிங் வேண்டாம், அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் வேலி கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உன் கம்பியில் குறை இல்லை, கட்டில்தான் இரண்டு தவறு.

முதல் தவறு பைண்டிங் ஒயர். அது கான்கிரீட்டுக்குள் போகும் இரும்புக் கம்பிகளைக் கட்டுவதற்கு உண்டானது. துத்தநாகப் பூச்சே கிடையாது, வளைய வேண்டும் என்று காய்ச்சி மென்மையாக்கிய வெறும் கறுப்புக் கம்பி. கான்கிரீட்டுக்குள் புதைந்து விட்டால் சிமெண்டின் காரமே அதைத் துருவிலிருந்து காப்பாற்றும், வெளியே நின்றால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. அதுவும் எண்ணூரின் உப்புக் கடல்காற்றில். அதனால் கட்டுவதற்கும் ஜிஐ கம்பியே வாங்கு, 16 கேஜ், மென்மையான ரகம் என்று கேட்டு வாங்கு. கையால் சுற்ற வரும், அறுந்து போகாது.

இரண்டாவது தவறு ஒரே சுற்றுப் போட்டு முறுக்கியது. அந்தச் சுற்று ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத்தான் பிடிக்கும். மற்ற இரண்டு மூலைகளின் திசையில் அழுத்தினால் இரண்டு கம்பியும் கத்தரிக்கோல் மாதிரி திரும்பும், திரும்பியதும் கட்டு தளரும், தளர்ந்ததும் நழுவும். முறுக்கு எவ்வளவு ஏற்றினாலும் இது மாறாது, கம்பி அறுவதுதான் மிச்சம்.

நாங்கள் கட்டுகிற விதம் இது, நிதானமாகப் படி. படுக்கைக் கம்பி உன் பக்கம், நெட்டுக் கம்பி அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து அதன் நடுப்பகுதியைச் சந்திப்பின் மேல் சாய்வாக வை, இடது மேலிருந்து வலது கீழுக்கு. மேல் முனையை நெட்டுக் கம்பிக்குப் பின்னால் விட்டு வலது மேல் பக்கமாக முன்னால் கொண்டு வா. கீழ் முனையையும் அப்படியே பின்னால் விட்டு இடது கீழ் பக்கமாக முன்னால் எடு. இப்போது இரண்டு முனையும் உன்னைப் பார்த்து நிற்கும். அவற்றை ஒன்றோடொன்று முறுக்காதே. மேலே இருப்பதைச் சந்திப்பின் மேல் குறுக்காக இறக்கி, இடது பக்கம் படுக்கைக் கம்பியைச் சுற்றி இரண்டு சுற்று, நெட்டுக் கம்பியை ஒட்டியே. கீழே இருப்பதைக் குறுக்காக ஏற்றி வலது பக்கம் அதே போல இரண்டு சுற்று. முன்னால் பெருக்கல் குறி தெரியும், இரண்டு பக்கமும் சுருள் நெட்டுக் கம்பியை முட்டிக்கொண்டு நிற்கும். நெட்டுக் கம்பி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுருளில் இடிக்கும், அப்புறம் எங்கே நழுவுவது?

சுற்றும்போது கட்டிங் பிளேயரால் முனையை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும், சுற்றிவிட்டு இழுத்தால் இறுகாது. மிச்ச முனையை வெட்டி உள்ளே மடக்கு, நீட்டிக்கொண்டு இருந்தால் கீரை பறிக்கிற பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

எர்ணாவூர் பட்டறை:

மேலே ஃபேப்ரிகேஷன் நண்பர் சொன்னதற்கு மட்டும் பதில். நானும் வெல்டிங் வேலைதான், அதனால்தான் எழுதுகிறேன். ஜிஐ கம்பியின் மேல் இருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1500 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆகவே வெல்டு வைத்த இடத்தில் பூச்சு இருக்கவே இருக்காது, அதைச் சுற்றியும் போயிருக்கும். எந்த இடம் உறுதியாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தையே அம்மணமாக்கி உப்புக்காற்றில் விடுகிறோம். கிரில்லுக்கு அப்புறம் பெயிண்ட் அடிக்கிறோம், கம்பியும் கனம், அது வேறு கணக்கு. மூன்று மில்லிமீட்டர் கம்பியில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் கம்பியே உருகி அறுந்து போகும்.

இன்னொன்று, அந்த வெள்ளைப் புகை. நான் தொழில் கற்ற புதிதில் மூடிய ஷெட்டில் நாள் முழுக்க ஜிஐ வெல்டு செய்துவிட்டு அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்திருக்கிறேன். துத்தநாகப் புகையால் அப்படி வரும். வீட்டில் யாரும் விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டாம்.

கடையில் விற்கிற வெல்டு மெஷ்ஷில் (வெல்டு செய்த கம்பி வலையில்) நல்ல ரகத்தை வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள், அதனால் அது தாங்குகிறது. நம்மால் வேலியை முக்க முடியாதே.

மாதவரம் ஃபேப்ரிகேஷன்:

சரி அண்ணா, கிரில் ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கனவே ஜிஐ கம்பி இழுத்து வைத்திருக்கிறார் என்பதை யோசிக்கவில்லை. கட்டுவதே சரி.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி:

நான் வேலி போட்டதில்லை, மாடியில் புடலைக்கும் அவரைக்கும் ஜிஐ கம்பியில் பந்தல் போட்டிருக்கிறேன், அங்கேயும் இதே குறுக்கு நெடுக்குதான். ஒரு விஷயம் சொல்ல வந்தேன். பழைய ஒயரிங் மாற்றியபோது கிடைத்த செம்புக் கம்பியை வீணாக்க வேண்டாம் என்று உரித்துக் கட்டுக்குப் பயன்படுத்தினேன். துரு பிடிக்காது, வளைப்பதும் சுலபம், ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் செம்பு அப்படியே இருக்கிறது, அது தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் பெரிய கம்பி துருவேறிப் பள்ளம் விழுந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. காய் கனத்தில் ஒரு மூலை இறங்கியே போயிற்று. தம்பி, மாமா வீட்டில் செம்பு ஒயர் மீந்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

எர்ணாவூர் பட்டறை:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செம்பும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது சின்ன பேட்டரி மாதிரிதான், துத்தநாகம் கரைந்துகொண்டே போகும். துத்தநாகம் தீர்ந்ததும் அடுத்தது இரும்பு. ஜிஐ கம்பிக்கு ஜிஐ கட்டு, அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். வெட்டிய முனையில் இரும்பு தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து அந்தச் சின்ன இடத்தைக் காக்கும். ஆனால் பிளேயரின் பல்லால் கம்பியைக் கடித்துக் கடித்துச் சுரண்டினால் அந்த அளவுக்குக் காக்காது.

மணலி புதுநகர் கீரைத்தோட்டம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, செம்பு ஒயர் உண்மையிலேயே ஒரு கட்டு வீட்டில் இருக்கிறது, அடுத்து அதைத்தான் எடுத்திருப்பேன்.

வேலிவேலை அண்ணா, மூன்று கேள்வி. என் வேலியில் நெட்டுக் கம்பி எல்லாம் முன்னால் இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டுமா? தூணில் எப்படிக் கட்டுவது, அதுவும் இதே முடிச்சா? ஹார்டுவேர் கடையில் சி வடிவ வளையம் காட்டினார்கள், தனிப் பிளேயரால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்கிறார்கள், அது சரிப்படுமா?

கத்திவாக்கம் வேலிவேலை:

மாற்ற வேண்டாம். நெட்டுக் கம்பி பின்னால் இருக்கும்படி நீ வேலிக்கு மறுபக்கம் போய் நின்று கட்டு, அவ்வளவுதான். இந்த முடிச்சு முன்னால் இருக்கிற கம்பியின் மேல் ஏறிப் பின்னால் இருக்கிற கம்பியை அணைத்துப் பிடிக்கிறது, மாற்றிப் போட்டால் ஒன்றைப் பிடிக்கும், இன்னொன்றை விட்டுவிடும்.

தூண் வேறு கதை. இரண்டு கடைசித் தூணில் மட்டும் படுக்கைக் கம்பியை இறுக்கி முடி. நடுவில் இருக்கும் ஐந்து தூணிலும் கம்பி நீளவாக்கில் கொஞ்சம் ஓடும்படி தளர்வாகக் கட்டு. ஒரு மாடு வந்து சாய்ந்தால் அந்த அழுத்தத்தை 60 அடிக் கம்பியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நடுத்தூணில் இறுக்கிவிட்டால் அந்த 10 அடி மட்டும் எல்லாவற்றையும் வாங்கும். சந்திப்பில் இறுக்கம், நடுத்தூணில் தளர்வு. கூலிக்குக் கட்டுகிறவர்களே பல பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள், பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

சி வளையம் வலையைக் கம்பியோடு சேர்த்துப் பிடிக்க நல்லது. இரண்டு தனிக் கம்பி குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் அது பிரியாமல் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்காது. உன் பிரச்சினையே நகர்வதுதான்.

கட்ட ஆரம்பிக்கும் முன்னால் படுக்கைக் கம்பி எல்லாவற்றையும் டர்ன் பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கும் கருவி) போட்டு இழுத்துவிடு. கடைசித் தூணுக்கு உள்பக்கம் முட்டுக்கால் இல்லாவிட்டால் முதலில் அதை நடு, இல்லையென்றால் இழுக்க இழுக்கத் தூண்தான் சாயும். தளர்ந்த கம்பியில் எந்த முடிச்சும் நிற்காது. நெட்டுக் கம்பியை மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் முதலில் கட்டி நேராக்கிக்கொண்டு அப்புறம் நடுவில் வா.

இடைவெளியையும் மாற்று. எட்டு அங்குலம் ஒரே சீராக வைத்தால் கீழே குட்டி புகுந்துவிடும், முடிச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஒன்றும் செய்யாது. கீழே நாலு, அடுத்து ஆறு, எட்டு, பத்து, மேலே பன்னிரண்டு என்று வைத்துப் பார்.

புழல் மாட்டுத்தொழுவம்:

அடுத்த முறை யாராவது புதிதாகப் போடுவதாக இருந்தால் முடிச்சோடு சுருளாக வருகிற வேலியையும் விசாரியுங்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஹிஞ்ச் ஜாயின்ட் என்பதில் நெட்டுக் கம்பி ஒவ்வொரு வரிசைக்கும் துண்டு துண்டாக இருக்கும், அதன் முனையே படுக்கைக் கம்பியைச் சுற்றியிருக்கும், மாடு சாய்ந்தால் கீல் மாதிரி மடங்கித் திரும்பி நிமிரும். ஃபிக்ஸ்டு நாட் என்பதில் நெட்டுக் கம்பி மேலிருந்து கீழ் வரை ஒரே துண்டு, சந்திப்பில் தனியாக ஒரு கம்பி முடிச்சாகப் பிடித்திருக்கும், அது அசையவே அசையாது, விலை கூடுதல். எங்கள் தொழுவத்தில் ஹிஞ்ச் ஜாயின்ட்தான், எருமைகள் முதுகு தேய்த்தும் நிற்கிறது.

இந்த நழுவுகிற தொல்லை புதிதல்ல. முள்கம்பி வந்த காலத்தில் முள், கம்பியின் மேல் நழுவி நகர்ந்துவிடுவதுதான் சிக்கல். 1874ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிட்டன் என்ற விவசாயி காப்புரிமை வாங்கிய முறையில் இரண்டாவது கம்பி ஒன்றைச் சேர்த்து முறுக்கி, முள்ளை நடுவில் சிக்க வைத்தார். இன்றைக்கும் நம் ஊரில் விற்கிற முள்கம்பியில் அந்த இரட்டை முறுக்குதான். கத்திவாக்கம் அண்ணன் சொன்ன இரண்டு பக்கச் சுருளும் முட்டுக் கொடுக்கிற அதே வேலையைத்தான் செய்கிறது.

மணலி புதுநகர் கீரைத்தோட்டம்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தூணுக்கு இடையில் 54 நெட்டுக் கம்பி, ஆறு வரிசை, மொத்தம் 324 சந்திப்பு. ஒன்றுக்கு 25 சென்டிமீட்டர் என்றால் 81 மீட்டர் கட்டுக்கம்பி. 16 கேஜில் கிலோவுக்குச் சுமார் 60 மீட்டர் வருகிறது, ஒன்றரைக் கிலோ வாங்கினேன், மிச்சமும் இருக்கிறது.

முதல் பத்து முடிச்சு அசிங்கமாக வந்தது, அதில் ஏழை வெட்டிவிட்டு மறுபடி கட்டினேன். வலது பக்கச் சுருளைச் சுற்றும்போது இடது பக்கம் தளர்ந்துகொண்டே இருந்தது. தம்பி மனைவி வந்து இடது முனையை இன்னொரு பிளேயரால் பிடித்துக்கொண்டாள், அதற்கு அப்புறம் சரியாக வந்தது. இரண்டு பேராகச் செய்தால் ஒரு முடிச்சுக்கு ஒன்றரை நிமிடம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும் போலிருக்கிறது, 210 முடிந்தது. கட்டியதும் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிறேன், அசைந்தால் வெட்டிவிட்டு மறுபடி.

நேற்று சாயந்திரம் வழக்கமாக வரும் அந்தக் கறுப்பு ஆடு புதிதாகக் கட்டிய பக்கம் தலையை வைத்து நாலைந்து முறை தள்ளியது, கம்பி உள்வாங்கி அப்படியே திரும்பியது, நெட்டுக் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் நடந்து போய் இன்னும் பழைய கட்டு இருக்கிற கோடியில் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கு இப்போதைக்கு முள் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

கத்திவாக்கம் வேலிவேலை:

நல்லது தம்பி. மிச்சத்தையும் மழைக்கு முன்னால் முடித்துவிடு. கீழ் வரிசையில் சேருகிற குப்பையை மட்டும் அவ்வப்போது எடு, 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் நான் பார்த்த வேலிகளில் பாதி, தண்ணீர் தள்ளி விழவில்லை, வேலியில் சிக்கிய ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து இழுத்துத்தான் விழுந்தது. கோடிப் பக்கம் கட்டும்போது சந்தேகம் வந்தால் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.