ராணிகஞ்ச் இலைப் புதைபடிவம்: குளோசாப்டெரிஸா, கங்காமாப்டெரிஸா?

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில், பெர்மியன் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த பராக்கர் எனப்படும் பாறை அடுக்குகளை வெட்டும் ஒரு சுரங்கத்தின் கழிவுக் குவியலிலிருந்து, கடந்த டிசம்பரில் அனுமதி பெற்று எடுத்த சாம்பல்நிறக் களிப்பாறைத் துண்டுகளில் உள்ள இலைகள், அழிந்துபோன விதைத் தாவரங்களின் இலைப் பேரினங்களான குளோசாப்டெரிஸ், கங்காமாப்டெரிஸ் ஆகிய இரண்டில் எது என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

பெரிய துண்டு 7 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்டது, அடியும் நுனியும் உடைந்துள்ளன. கீழ்ப்பாதியில் நரம்புகள் நெருங்கி ஓடி நடுநரம்பு போலத் தெரிகின்றன. மேலே செல்லச் செல்ல அவை பிரிந்து வலைப்பின்னலுக்குள் கலந்துவிடுகின்றன. அதே பாறையில் குறுக்குக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்த தண்டு போன்ற பதிவும் உண்டு. அது வெர்டெப்ரேரியா, அதாவது இவ்வகைத் தாவரங்களின் புதைபடிவ வேர், என்பதில் எனக்கு ஐயமில்லை.

10 மடங்கு உருப்பெருக்கும் லென்சில், பக்கவாட்டில் தாழ்வாக ஒளி பாய்ச்சியும், ஆல்கஹாலால் நனைத்தும் பார்த்துவிட்டேன். கரிப்படலம் எஞ்சாததால் புறத்தோல் ஆய்வுக்கு வழியில்லை. நரம்புகள் வலையாக இணைவதால், வலைப்பின்னல் இல்லாத மற்றொரு இலைப் பேரினமான நோகெராதியாப்சிஸை விலக்கிவிட்டேன். கங்காமாப்டெரிஸுக்குத் தெளிவான நடுநரம்பு இல்லை என்றாலும், குளோசாப்டெரிஸின் சில இனங்களிலும் நடுநரம்பு நுனியை நெருங்கும்போது மங்கிவிடுகிறது. சிக்கல் முழுவதும் அங்கேதான். கங்காமாப்டெரிஸ் பழைய அடுக்குகளில்தான் மிகுதி என்ற வாதத்தையும், குவியலில் கிடைத்த கல்லுக்குப் பொருத்த நான் விரும்பவில்லை.

அடியும் நுனியும் இல்லாத இலையில், நடுப்பகுதியின் நரம்பமைப்பை மட்டுமே கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய எந்த அடையாளத்தை நம்பலாம்?